பனியில் தேறிய புத்தகங்கள்

மின்னசோட்டாவின் வடக்கே, பென்ட்பைன் ஏரிக்கரையில் வெர்லின் ஸ்கோகனுக்கு ஏழு கேபின்கள். ஏழும் அவர் கையால் எழுந்தவை. தச்சனைக் கூப்பிட்டதில்லை, வங்கிக்காரனை வாசலில் நிற்க விட்டதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு மரம் வெட்டும் முகாமுக்குப் போன பையன், முப்பது வயதுக்குள் ஏரிக்கரையில் சொந்த நிலம் வாங்கினான் என்றால் அது சும்மா வந்ததா? இன்றைக்குப் பெரிய படிப்புப் படித்தவர்கள் போடுகிற கூரை இரண்டாம் மழைக்கே ஒழுகுகிறது. வெர்லின் போட்ட கூரைகள் நாற்பது வருஷப் பனியைச் சுமந்தும் ஒரு முனகல் முனகியதில்லை. இதை அவரே வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்வார். சொல்லட்டுமே, செய்தவர்தானே சொல்கிறார்.

அந்த ஏழு கேபின்களிலும் தொலைக்காட்சி கிடையாது. கோடையில் ஒரு வாரம் ஏரிக்கு வருகிற மனுஷன் மீன் பிடிக்கலாம், நீந்தலாம், மத்தியானம் காலை நீட்டிப் படுத்துப் புத்தகம் படிக்கலாம். நாலாவதாக ஒரு வேலை அவனுக்கு எதற்கு என்பது வெர்லினின் கட்சி. அதனால் ஒவ்வொரு கேபினிலும் படுக்கைக்கு மேலே ஒரு பலகை, பலகையில் எட்டுப் பத்துப் புத்தகங்கள். சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார், அங்கே இருக்கிற ஒவ்வொரு புத்தகமும் தான் கடைசிப் பக்கம் வரை படித்துத் தேர்ந்தெடுத்தது என்று.

மனைவி பெர்னிஸ் இருந்தவரை அந்த வேலை அவளுடையது. அவள் போன பிறகு வெர்லின் எடுத்துக்கொண்டார். ஊர் நூலகம் கழித்துப் போடுகிற புத்தகங்கள், சர்ச்சில் நடக்கும் பழைய சாமான் விற்பனையில் மிஞ்சியவை, இப்படிப் பெட்டி பெட்டியாக வாங்கிப் படகுக் கொட்டகையில் அடுக்கிவிடுவார். ஜனவரியில் ஏரி உறைந்து, லாரியே ஓடலாம் என்கிற அளவுக்குக் கெட்டியானதும், பனிக்கட்டி மேல் தன் மீன்குடிசையை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துவார். பலகைச் சுவர், ஒரு சின்ன அடுப்பு, தரையில் துளை, துளைக்குக் கீழே ஏரி. எதிரே தன் சிநேகிதன் கோர்டி. கோர்டி முப்பது வருஷம் சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். இருவரும் தூண்டிலை இறக்கிவிட்டு உட்காருவார்கள். வெர்லின் புத்தகத்தை எடுத்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டு, உரக்கப் படிப்பார். மெதுவாகத்தான் படிப்பார். வேகமாகப் படிக்கிறவர்கள் மேல் அவருக்கு மதிப்பு கிடையாது. சூப்பை மடக்மடக்கென்று குடிக்கிறவனுக்கு உப்பு ருசி எங்கே தெரியும் என்பார்.

பரீட்சை இதுதான்: படித்துக்கொண்டிருக்கும்போது மீன் கடித்து, தக்கை தண்ணீருக்குள் போய், இரண்டு பேரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை என்றால் அந்தப் புத்தகம் தேறிவிட்டது. கவனித்துவிட்டால் புத்தகம் கொட்டகைக்குத் திரும்பிவிடும். இவ்வளவு நேர்மையான பரீட்சையை எந்தப் பல்கலைக்கழகமும் நடத்தவில்லை என்று வெர்லின் சொல்வார்.

முத்துக் குளிப்பவர்களைப் பற்றி ஒரு கதை. அதற்கு மூன்று மீன் போனது. பாலைவனத்தில் ஒட்டகக் கூட்டத்தோடு போகும் வியாபாரி ஒருவனுக்காக ஒரு நாள் முழுக்கத் தூண்டில் சும்மா கிடந்தது. தெற்கே ஒரு பருத்தித் தோட்டத்தில் அக்காள் தங்கை இரண்டு பேர் ஒருவனையே காதலிக்கிற கதையில் கோர்டி அடுப்புக்கு விறகு போடக்கூட மறந்தான். பனி, புயல் என்று முதல் பக்கத்திலேயே ஆரம்பிக்கிற கதைகள் மட்டும் அவனிடம் எடுபடாது. வெர்லின் இரண்டு பத்தி படிப்பதற்குள் கையை ஆட்டிவிடுவான்.

“பனியா? கதவத் தொறந்து பாரு, ஓசியிலயே கெடக்கு. அடுத்தத எடு.”

இப்படி மூன்று பனிக்காலம் போனது. அந்த மூன்று கோடைகளிலும் கேபின்களுக்கு ஆள் வரத்து குறைந்துகொண்டே வந்தது.

கணக்கு வழக்கு, முன்பதிவு எல்லாம் மகள் ஜானெல் பார்த்துக்கொள்வது. நகரத்தில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். அப்பாவைப் போலவே பிடிவாதக்காரி, ஆனால் அவரைவிடச் சத்தம் குறைவு. வசந்தத்தில் ஒரு நாள், வெர்லின் கேபின்களை ஒட்டிய தன் சின்னக் கடையில் தூண்டில் புழுக்களை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தபோது வந்து எதிரே நின்றாள்.

“அப்பா, போன வருஷம் நாலு குடும்பம் வரல. போன் பண்ணிக் கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான். வெயில்னாலும் மழைன்னாலும் உள்ள ஒக்காந்து என்ன பண்றது, ஒரு டிவி கூட இல்லைங்கறாங்க.”

“புத்தகம் இருக்குல்ல.”

“அத யாரு படிக்கிறா?”

அந்தக் கேள்வி வெர்லினுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் அதோடு விடவில்லை. டிஷ் மாட்டுகிறவரிடம் பேசிவிட்டதாகவும், ஏழு கூரைக்கும் ஏழு தட்டு என்றும் சொன்னாள். தான் போட்ட கூரையில் வேறொருவன் ஏறி நின்று துளை போடுவதை நினைத்ததுமே வெர்லின் புழு டப்பாவை ஓங்கி மூடினார். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் ஜானெலே ஒரு வழி சொன்னாள். ஜூலை இரண்டாம் வாரம் ஒமாஹாவிலிருந்து டிரெஸ்லர் குடும்பம் மூன்றாம் நம்பர் கேபினுக்கு வரும். இருபது வருஷத்துக்கு மேலாக வருகிறவர்கள், இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசிப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

“அவங்க உங்க புத்தகத்தப் படிச்சு, அடுத்த வருஷத்துக்கும் பேர் குடுத்துட்டுப் போனா டிஷ் வேணாம். இல்லேன்னா திங்கக்கெழம ஏணியோட ஆள் வருவான். சம்மதமா?”

“என் புத்தகத்த எவன் படிக்காம இருப்பான்?” என்றார் வெர்லின். பந்தயம் முடிவானது.

பனிக்காலம் முழுக்கத் தேறியவற்றிலிருந்து மணி மணியாகப் பத்துப் பொறுக்கி மூன்றாம் நம்பர் பலகையில் வைத்தார். சனிக்கிழமை சாயங்காலம் டிரெஸ்லர் குடும்பம் வந்து இறங்கியது: லைல், அவர் மனைவி கோனி, பதினாறு வயது மகள் கென்ட்ரா, இரண்டு பொடியன்கள், லைலின் அத்தை வில்மா. வில்மாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. வாய்க்கு மட்டும் வயது ஏறவில்லை.

அவர்களோடு வெயிலும் வந்து இறங்கியது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு ஜூலையை யாரும் பார்த்ததில்லை. காற்று அசையவில்லை. ஏரி காய்ச்சிய எண்ணெய் மாதிரி கிடந்தது. கேபினுக்குள் இருந்தால் வெந்துபோவார்கள், வெளியே வந்தால் கொசு தூக்கிக்கொண்டு போகும். பனிக்கட்டிப் பாளம் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் வெர்லின் தினமும் மூன்றாம் நம்பரை எட்டிப் பார்த்தார். முத்துக் குளிப்பவர்கள் ஜன்னலைத் திறந்தபடி தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டக வியாபாரி ஆடுகிற மேசைக்காலுக்குக் கீழே கிடந்தான். பருத்தித் தோட்டத்து அக்காள் தங்கையை வைத்துச் சின்னப் பொடியன் கொசு அடித்துக்கொண்டிருந்தான். பெரிய பொடியன் அவரிடமே வந்து டிவி எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

புதன்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் வில்மாவிடமே போய் நின்றார். அவள் மரத்தடியில் நாற்காலி போட்டு, வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புத்தகமெல்லாம் எப்படி இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

“எதக் கேக்குற? ஜன்னல்ல இருக்கிறதையா, மேசைக்குக் கீழ இருக்கிறதையா?”

“வில்மா, அதெல்லாம் அருமையான புத்தகம். நானே படிச்சுப் பொறுக்குனது.”

“அருமைதான், யாரு இல்லேன்னா? மொதப் பக்கத்துலயே ஒருத்தன் மணல்ல நாக்கு வறண்டு கெடக்கான். சரின்னு அடுத்ததத் தொறந்தா ரெண்டு பொண்ணுங்க வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்குதுங்க. இன்னொண்ணுல படகுல பூசின தார் உருகி ஓடுது. எனக்கே இங்க எல்லாம் உருகிட்டிருக்கு வெர்லின். படிக்கப் படிக்கப் புழுக்கம் கூடுது. மூணு வருஷமா இதே கததான். இதையெல்லாம் நீ எங்க ஒக்காந்துதான் பொறுக்குற?”

“பனிக்கட்டி மேல,” என்றார் வெர்லின்.

சொல்லி வாய் மூடுவதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. வில்மாவுக்கும் விளங்கிவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் வாளித் தண்ணீர் பாதி வெளியே சிந்தியது. மைனஸ் முப்பதில் விரல் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிற இரண்டு கிழவர்களுக்கு வெயில் அடிக்கிற கதை எதுவானாலும் இனிக்கத்தானே செய்யும். அதையே கொண்டுவந்து வேர்த்து வழிகிறவர்கள் தலைமாட்டில் வைத்திருக்கிறார். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் வெர்லின் பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பார்.

ஆனால் தப்பு தெரிந்த இடத்தில் உட்கார்ந்து யோசிக்கிற ஆள் அவர் இல்லை. சுவர் கோணலாக இருந்தால் பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டுவார். நேரே படகுக் கொட்டகைக்குப் போய், மூன்று பனிக்காலமாகத் தள்ளிவைத்த பெட்டிகளைக் கவிழ்த்தார். கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த கோர்டியும் பின்னாலேயே வந்தான். அதெல்லாம் நாம் வேண்டாம் என்று கழித்ததாயிற்றே என்றான். கழித்தது நீதான், பேசாமல் தேடு என்றார் வெர்லின்.

உட்கார்ந்து படிக்க நேரம் எங்கே? முதல் பக்கத்தில் பனி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். பனி இருந்தால் வலது பக்கம், வெயில் இருந்தால் இடது பக்கம். பனிப் புயலில் வழி தவறிய தபால்காரன் வலது பக்கம் போனான். துருவத்துக்கு நாய் வண்டி ஓட்டியவர்களும் அங்கேயே போனார்கள். அட்டை கிழிந்துபோய்ப் பெயரே தெரியாத ஒரு தடிமனான புத்தகம் கடைசியாகக் கையில் அகப்பட்டது. வடக்கே ஒரு சுரங்க ஊர், ஆறு மாதமாக வெளி உலகத் தொடர்பு இல்லை, குளிரோ கொல்கிறது, இருக்கிற விறகை யாரோ திருடுகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு பக்கம் படிப்பதற்குள் கோர்டி அதை எறியச் சொல்லியிருந்தான். அதுவும் வலது பக்கம் போனது.

எல்லாவற்றையும் பனிக்கட்டிப் பெட்டியின் மூடி மேல் அடுக்கித் தூக்கிக்கொண்டுபோய் மூன்றாம் நம்பர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணியாகியும் டிரெஸ்லர் படகு கரையிலேயே கிடந்தது. பொடியன்களின் கூச்சலும் இல்லை. வெர்லினுக்குச் சந்தேகம், வெயிலில் யாருக்காவது மயக்கமோ என்று. போய்ப் பார்த்தார். பொடியன்கள் குப்புறப் படுத்து நாய் வண்டிப் புத்தகத்தில் மூழ்கியிருந்தார்கள். மற்ற நாலு பேரும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் கையிலும் புத்தகம். அவ்வளவு மெலிசான புத்தகங்களைத் தான் வைத்ததாக அவருக்கு நினைவில்லை. கிட்டே போனதும்தான் தெரிந்தது. லைல் மீன் சீவுகிற கத்தியை எடுத்து, அந்தச் சுரங்க ஊர்க் கதையை முதுகில் பிளந்து ஐந்து துண்டாக்கியிருந்தார்.

கோனி முதலில் எடுத்தாளாம். ராத்திரி விளக்கை அணைக்க மாட்டேன் என்றாளாம். அடுத்து யார் என்று சண்டை வந்து, இதற்கு இதுதான் வழி என்று முடிவாகியிருக்கிறது. கோனி படித்து முடித்த துண்டு லைலுக்கு, லைலிடமிருந்து வில்மாவுக்கு, வில்மாவிடமிருந்து கென்ட்ராவுக்கு. வில்மா மெதுவாகப் படிக்கிறவள் என்பதால் கென்ட்ரா முதல் துண்டை முடித்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது துண்டு மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. வில்மாவுக்குக் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு வீடு முழுக்க உளறுகிற பழக்கம் உண்டாம். அதனால் லைல் அதைத் தன் தூண்டில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

கிழித்ததற்கு லைல் மன்னிப்புக் கேட்டார். வெர்லினுக்கா கோபம் வரும்? வாழ்நாளில் அவர் வாங்கிய பாராட்டுகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை. கடைக்குத் திரும்பும்போது விசில் அடித்துக்கொண்டே வந்தார். ஜானெல் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, சனிக்கிழமை பேர் கொடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வினை வந்தது. கோனி நாலாவது துண்டை முடித்துவிட்டுக் கரையில் நின்று, ஐந்தாவதைக் கொண்டுவரச் சொல்லிக் கையை ஆட்டினாள். லைல் ஏரி நடுவில் இருந்தார். பெட்டியைத் திறந்து துண்டை எடுத்து மடியில் வைத்த நேரம், அந்த வாரம் முழுக்க எட்டிப் பார்க்காத மீன் வந்து தூண்டிலைக் கடித்தது. சின்ன மீனில்லை, ஒரு பையன் நீளம் இருந்தது. லைல் எழுந்து நின்றார். மடியில் இருந்தது ஏரியில் விழுந்து, பக்கம் பக்கமாகப் பிரிந்து, நாலு பேர் பார்க்கப் பார்க்க முழுகிப்போனது. மீன் படகுக்குள் வந்து சேர்ந்தது. ராத்திரி அதை வறுத்துப் பரிமாறியபோது லைலிடம் ஒருவரும் பேசவில்லையாம்.

சனிக்கிழமை காலை. கார் மூட்டை முடிச்சோடு கடை வாசலில் நின்றது. ஆறு பேரும் இறங்கி உள்ளே வந்தார்கள். ஜானெல் முன்பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூண்டில் மீன்குஞ்சுத் தொட்டிமேல் முழங்கையை ஊன்றி வெர்லின் நின்றார்.

“வெர்லின், நீங்கதான் எல்லாத்தையும் கடைசி வரைக்கும் படிப்பீங்களே,” என்றார் லைல். “வெறகத் திருடுனது யாரு? அதச் சொல்லுங்க. இல்லேன்னா ஒமாஹா வரைக்கும் இவங்க என்னை உயிரோட விட மாட்டாங்க.”

ஜானெல் பேனாவைக் கீழே வைத்தாள். அவளுக்குத் தெரியும். கழித்துப் போட்ட அந்தப் பெட்டிகள் கொட்டகையில் யாரும் தொடாமல் கிடந்ததை அவளும்தானே பார்த்திருக்கிறாள். படிக்கவில்லை என்று சொன்னால் இத்தனை வருஷம் அடித்த தம்பட்டம் இந்த இடத்திலேயே கிழிந்துவிடும். எதையாவது சொல்லி மாட்டிக்கொண்டால் திங்கட்கிழமை ஏணி வந்துவிடும். அந்த ஆறு பக்கத்தில் வந்தவர்களில் ஒரே ஒரு ஆள்தான் வெர்லினுக்கு ஞாபகம் இருந்தான்.

“சமையல்காரன்,” என்றார்.

லைல் கோனியைத் திரும்பிப் பார்த்தார்.

“சமையல்காரன் ரெண்டாவது துண்டுலயே செத்துட்டானே,” என்றாள் வில்மா.

மரம் வெட்டும் முகாமில் வெர்லின் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாதபோது ஓடக்கூடாது. நின்று பார்க்க வேண்டும். நின்றார். தொட்டிக்குள் கையை விட்டு ஒரு மீன்குஞ்சை எடுத்துப் பார்த்துத் திரும்ப விட்டார்.

“பொணத்தப் பாத்தது யாரு?” என்று கேட்டார்.

கென்ட்ரா யோசித்தாள். “தந்தி ஆபீசர் பாத்தாரு. அவர்தான் வந்து எல்லார்கிட்டயும் சொன்னாரு.”

“அவர் மட்டுமா?”

“அவர் மட்டும்தான்.”

“அப்பறம் என்ன,” என்றார் வெர்லின்.

கோனி கையைத் தட்டினாள். தந்தி ஆபீசர் புளுகன் என்று தான் மூன்றாவது துண்டிலேயே சொன்னதாகவும், யாரும் காது கொடுக்கவில்லை என்றும் லைல் பக்கம் திரும்பினாள். அப்படியானால் பாதிரியார் வீட்டுப் பனியில் கிடந்த கால்தடம் யாருடையது என்று லைல் கேட்டார். ஒரு கால் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்ததே, சமையல்காரன் நொண்டிதானே என்று கென்ட்ரா சொன்னாள். நொண்டி ரொட்டிக்காரியின் தம்பி என்றாள் வில்மா. இல்லை, இரண்டு பேருமே நொண்டி என்றாள் கோனி. கடைக்குப் புழு வாங்க வந்த ஒருவர் கதை தெரியாமலே பாதிரியார் பக்கம் சேர்ந்துகொண்டார். வெர்லின் நடுநடுவே “ம்” என்றார். ஒரு தடவை, “அது உங்களுக்கே தெரியுமே” என்றார். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை போடத் தேவைப்படவில்லை. அரை மணி நேரத்தில் விறகு திருடின கதையை அவர்களே கட்டி, கூரையும் போட்டு முடித்துவிட்டார்கள். பழுது ஒன்றும் தெரியவில்லை.

புறப்படும்போது லைல் மேசைப்பக்கம் வந்தார்.

“ஜானெல், அடுத்த வருஷமும் இதே வாரம் எழுதிக்கோ. வெர்லின், புத்தகம் இந்த மாதிரியே குளுகுளுன்னு இருக்கணும். நல்லது எதாவது அகப்பட்டா ரெண்டு பிரதியா வாங்கி வைங்க, நான் கத்தி எடுக்காம இருப்பேன்.”

டிவி என்கிற சொல் யார் வாயிலும் வரவில்லை. பெரிய பொடியன் நாய் வண்டிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டான். எடுத்துப் போ என்றார் வெர்லின். வில்மா மட்டும் கடைசியாக வாசற்படியில் நின்று, அவரை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தாள். “சமையல்காரனா,” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு காரில் ஏறினாள். கார் வளைவைத் தாண்டுகிற வரைக்கும் உள்ளே அவர்கள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு போனது தெரிந்தது.

ஜானெல் டிஷ் கடைக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை ஆள் வர வேண்டாம் என்று சொன்னாள். போனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் புத்தகத்துல எத்தன பக்கம் படிச்சீங்கப்பா?”

“ஆறு.”

“ஆறு பக்கத்த வச்சிக்கிட்டா அவ்வளவு தெம்பா நின்னீங்க?”

“அவங்க படிக்கணும்னுதான பந்தயம்,” என்றார் வெர்லின். “நான் படிக்கணும்னு நீ சொல்லவே இல்லையே.”